லாக்கர் போடப் போனால் ஆக்சில் கழலவில்லையா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. லாக்கர், அதாவது ஆக்சிலின் நடுவில் இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலைப் பூட்டி இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பாகம், வாங்கியாகிவிட்டது, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியாகிவிட்டது, ஆனால் பழைய பாகம் ஏதோ ஒன்று கழல மறுக்கிறது. லாக்கரைப் பொருத்துவது பெரிய வேலை இல்லை, அதுவரை போய்ச் சேருவதுதான் வேலை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு பாகம் வரவில்லை என்றால் அதை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அது துருவா, கிளிப்பா, மரையில் தடவிய பசையா, பேரிங்கின் இறுக்கமா, முறுக்கிப்போன உலோகமா என்று தெரியாமல் சுத்தியலைக் கையில் எடுக்காதீர்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் பாகம் உடையும்.

கேள்வி: டிஃபரென்ஷியல் ஆயிலை வடித்துவிட்டேன். இப்போது பார்த்தால் ஆயில் ஊற்றும் துளையின் மூடி அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

பதில்: இதைப் படிக்கிற மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், எப்போதும் ஊற்றும் மூடியை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் மூடியில் கை வைக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் கவலை இல்லை, எப்படியும் டிஃபரென்ஷியலைத் திறக்கத்தானே போகிறீர்கள். மூடி பின்பக்கத் தகட்டிலேயே இருந்தால் தகட்டைக் கழற்றி வைஸில் பிடித்து நிதானமாகப் பார்க்கலாம். ஹவுசிங்கில் (ஆக்சிலின் வெளிக்கூட்டில்) இருந்தால், திறந்த பிறகு துரு இளக்கும் எண்ணெயை உள்பக்கத்திலிருந்தும் மரைக்கு விடுங்கள், வெளியிலிருந்து மட்டும் விடுவதைவிட இது பல மடங்கு பலன் தரும். மூடியின் சதுரக் குழியில் சேறும் துருவும் அடைத்திருந்தால் கருவி பாதி ஆழம்தான் இறங்கும், அப்படியே திருப்பினால் குழி வட்டமாகிவிடும். கூரான கம்பியால் அடிவரை சுரண்டிவிட்டு, சரியான அளவுக் கருவியைச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். அந்தத் தட்டலே பாதி வேலையைச் செய்துவிடும்.

கேள்வி: முன் ஆக்சில் டானா 30 (ஜீப்களில் வரும்) வகை. சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்டை உருவ வேண்டும். அதன் வெளிமுனையில் இருக்கும் 36 மி.மீ. நட் கழலவில்லை, சக்கரம் மாட்டும் ஹப்பின் பேரிங்கும் நக்கிளோடு (ஸ்டியரிங்கோடு திரும்பும் தாங்கியோடு) ஒட்டிப்போய்விட்டது. இரண்டு நாளாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: அடிப்பதை நிறுத்துங்கள். அந்தப் பெரிய நட்டையும் விட்டுவிடுங்கள், அதைக் கழற்றவே தேவையில்லை. ஷாஃப்டின் உள்முனை டிஃபரென்ஷியலை விட்டு வெளியே வந்தால் போதும், அதற்கு ஹப் பேரிங்கை நக்கிளில் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளை எடுத்துவிட்டு ஹப், பேரிங், ஷாஃப்ட் மூன்றையும் ஒரே துண்டாக உருவிவிடலாம். அந்த 36 மி.மீ. நட்டோடு மல்லுக்கட்டித்தான் பலர் நேரத்தையும் தோள்பட்டையையும் வீணாக்குகிறார்கள். பேரிங்கையே மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் அந்த நட்டைப் பற்றி யோசியுங்கள், அப்படியானால் சக்கரம் தரையில் இருக்கும்போதே அதைத் தளர்த்தியிருக்க வேண்டும்.

சரி, ஹப்புக்கு வருவோம். பேரிங்கின் பின்பக்கம் ஒரு வட்டமான கழுத்து நக்கிளின் துளைக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். இரண்டும் இரும்பு. நடுவில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் அந்த மெல்லிய இடைவெளி முழுக்க நிரம்பி இறுகிவிடுகிறது. இப்போது நீங்கள் முன்னாலிருந்து ஹப்பின் தட்டையில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் பேரிங்கின் உருளைகள் வழியாகத்தான் போகும், நக்கிளுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். பேரிங் கெடும், துரு அப்படியே இருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றி ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி மேலே மாட்டுங்கள். டிஸ்க்கை எடுங்கள். ஏபிஎஸ் சென்சார் இருந்தால் அதைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள், பிளாஸ்டிக் உடம்பு, ஒரு அடி பட்டால் போய்விடும். ஹப்பும் நக்கிளும் சேரும் கோட்டைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள், இடையில் ஒருமுறை நக்கிளைச் சுற்றி லேசாகத் தட்டி மறுபடி விடுங்கள், அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். அப்புறம் அந்த மூன்று போல்ட்டுகளையும் 5, 6 மி.மீ. அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள், மரை நன்றாகப் பிடித்தபடியே இருக்க வேண்டும். போல்ட் தலை பன்னிரண்டு முனை கொண்டது, 13 மி.மீ. பன்னிரண்டு முனை சாக்கெட்தான் சரியாக உட்காரும். ஒரு பழைய சாக்கெட்டைத் தலையில் மாட்டி, பின்பக்கத்திலிருந்து அதன் மேல் அடியுங்கள். ஒரு போல்ட்டில் இரண்டு அடி, அடுத்ததில் இரண்டு அடி என்று சுற்றி வர வேண்டும், ஒரே இடத்தில் அடித்தால் ஹப் சாய்ந்து துளைக்குள் இன்னும் இறுகிக்கொள்ளும். மூன்று போல்ட்டும் சேர்ந்து ஹப்பை நேராக வெளியே தள்ளும், சக்தி பேரிங்கின் உருளைகளைத் தொடாது. தலைமுடி அளவு இடைவெளி தெரிந்ததும் மறுபடி எண்ணெய் விட்டு, எதிரெதிர் பக்கங்களில் உளி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம்.

இன்ஜினை ஓடவிட்டு, போல்ட் தலைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டை வைத்து, பவர் ஸ்டியரிங்கைத் திருப்பி அதன் பலத்தாலேயே ஹப்பை வெளியே தள்ளும் முறை ஒன்று உண்டு. வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் ஸ்டியரிங்கில், ஒருவர் கையை உள்ளே வைத்துக்கொண்டு, ஓடும் இன்ஜினோடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில்... அந்த இரும்புத் துண்டு நழுவித் தெறித்தால் யார் மேல் படும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் செய்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

உருவும்போது ஷாஃப்டின் எடையைக் கையில் தாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஆக்சிலில் ஆயில் சீல், ஆக்சில் குழாயின் உள்முனையில், டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கிறது. திரும்பப் போடும்போது ஷாஃப்ட் முனை குழாயின் அடியில் கிடக்கும் மண்ணை வாரிக்கொண்டு போய் அந்தச் சீலில்தான் தேய்க்கும், அதனால் முதலில் குழாயைத் துடையுங்கள். நக்கிளின் துளையைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, இறுகாமல் தடுக்கும் பேஸ்ட்டை மெல்லிய படலமாகப் பூசிப் போட்டால் அடுத்த முறை ஹப் கையோடு வரும்.

கேள்வி: எங்கேயும் "சூடு காட்டு, வந்துவிடும்" என்கிறார்கள். ஆக்சிலில் எந்த அளவுக்குச் சூடு காட்டலாம்? பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டுக் காட்டலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அது உயிர் விஷயம். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அது பட்ட இடத்தில் கேஸ் டார்ச்சோ வெல்டிங்கோ காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், கொஞ்சம் சுவாசித்தாலும் நுரையீரலைப் பாதிக்கும், அதன் விளைவு சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரிய வரும். குளோரின் இல்லாத வகை என்றால் அது பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். ஆகவே சூடு காட்டப் போகும் இடத்தில் எந்தக் கிளீனரும் வேண்டாம், சோப்புத் தண்ணீரால் கழுவி உலர விடுங்கள். துரு இளக்கும் எண்ணெயும் எரியும், முக்கியமாக அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிப் பாதி கலந்து பலர் வீட்டிலேயே தயாரிக்கும் கலவை. அது நன்றாக ஊடுருவும், ஆனால் ரப்பர் சீலையும் பெயின்ட்டையும் தின்னும், பக்கத்தில் தீ இருக்கவே கூடாது.

இனி அளவு. எது பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து. மரையில் சிவப்புப் பசை தடவியிருந்தால் அது இளக ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வேண்டும், நீலப் பசை என்றால் பெரும்பாலும் சூடே தேவையில்லை, கைக்கருவியிலேயே வந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருக்கும் ஆயில் சீலின் ரப்பர் 100 டிகிரியைத் தாண்டினாலே பாதிக்கப்படத் தொடங்கும், சாதாரண பேரிங்குகளை 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. எனவே சூடு அந்த ஒரு போல்ட்டில் மட்டும் படும்படி சின்ன ஜுவாலையோ, இண்டக்ஷன் சுருளோ பயன்படுத்துங்கள், பக்கத்தில் ஈரத் துணி வையுங்கள். துருவால் இறுகியிருந்தால் வெளியே இருக்கும் பாகத்தை, அதாவது துளை உள்ள பாகத்தைத்தான் சூடாக்க வேண்டும், உள்ளே இருப்பதைச் சூடாக்கினால் அது பருத்து இன்னும் இறுகும்.

கண்ணாலேயே ஒரு அளவுகோல் உண்டு. தேய்த்துச் சுத்தம் செய்த ஸ்டீலில் வைக்கோல் நிறம் வந்தால் 220 டிகிரி அளவு, நீலம் வந்தால் 300 அளவு. ஷாஃப்ட், கியர், பேரிங் இவற்றில் இந்த நிறங்கள் வந்துவிட்டால் அவற்றின் கடினத்தன்மை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. வார்ப்பிரும்பு ஹவுசிங்கைச் சூடாக்கினால் தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

கேள்வி: பின் ஆக்சில் சி-கிளிப் வகை. குறுக்குப் பின்னைப் பிடித்திருக்கும் பூட்டு போல்ட் உடைந்துவிட்டது. பாதி உள்ளே இருக்கிறது. எதுவுமே கழலவில்லை, எல்லாம் முடிந்துவிட்டதா?

பதில்: முடியவில்லை. ஆனால் வீட்டில் லாக்கர் போடுபவர்களுக்கு வரும் சிக்கல்களிலேயே இதுதான் மோசமானது, அவசரப்பட்டால் இன்னும் மோசமாகும். மற்ற வாசகர்களுக்காக நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஆக்சிலில் ஷாஃப்டின் உள்முனையில் ஒரு சின்ன சி வடிவக் கிளிப் மாட்டியிருக்கும், அதுதான் ஷாஃப்ட் வெளியே நழுவாமல் பிடித்திருப்பது. கிளிப்பை எடுக்க ஷாஃப்டை உள்ளே தள்ள வேண்டும். உள்ளே தள்ள விடாமல் நடுவில் நிற்பது குறுக்குப் பின், அதாவது டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சின்ன ஸ்பைடர் கியர்களைத் தாங்கும் கம்பி. அந்தப் பின்னை ஒரே ஒரு சின்ன போல்ட் பிடித்திருக்கிறது. ஷாஃப்ட் வராமல் கேரியரையும் (இந்தக் கியர்களைத் தாங்கிச் சுற்றும் கூட்டையும்) வெளியே எடுக்க முடியாது. அதாவது முழு ஆக்சிலும் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு போல்ட்டில் பூட்டிக் கிடக்கிறது.

அந்த போல்ட் உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, மரையில் பசை. இன்னொன்று, குறுக்குப் பின் தன் துளைக்குள் கொஞ்சம் திரும்பி, போல்ட்டின் உடம்பைப் பக்கவாட்டில் வெட்டுவதுபோல அழுத்திக்கொண்டிருப்பது. இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்த அழுத்தம் இருக்கும்வரை போல்ட்டை எந்தக் கருவியாலும் சுலபமாகத் திருப்ப முடியாது. ஆகவே இன்னும் உடையாதவர்கள் கேளுங்கள்: போல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் சக்கரங்களை முன்னும் பின்னும் அசைத்து, பின்னின் முனையில் பித்தளைக் கம்பி வைத்து லேசாகத் தட்டி, அது சுதந்திரமாக இருக்கிற நிலையைக் கண்டுபிடியுங்கள். போல்ட் தலைக்குக் கொஞ்சம் சூடு, தலை மேல் பஞ்ச் வைத்து இரண்டு தட்டு, அப்புறம் ஆறு முனை சாக்கெட்டால் சீராகத் திருப்புங்கள். இன்னும் இறுகுகிற திசையில் இம்மியளவு அசைத்துவிட்டுக் கழற்றினால் பசை உடையும். வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

உங்களுக்கு உடைந்தே விட்டது. எங்கே உடைந்தது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சில கேரியர்களில் அந்தத் துளை மறுபக்கம் வரை போகும், அப்படி இருந்து, மரைப் பகுதியில் பிடிப்பு இல்லாமல் நடுத்துண்டு மட்டும் சிக்கியிருந்தால், மறுபக்கத்திலிருந்து மெல்லிய பஞ்ச்சால் தட்டியே தள்ளிவிடலாம். மரைப் பகுதி கழன்று நடுத்துண்டு மட்டும் நின்றால் கேரியரைத் திருப்பித் துளையைக் கீழ்நோக்கி வைத்து, காந்தக் குச்சியால் இழுத்துப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் துளையிட்டுத்தான் ஆக வேண்டும். இங்கே இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட்டை வாங்குங்கள். அது துளையிடும் திசையே போல்ட் கழலும் திசை என்பதால், துளையிட்டுக்கொண்டிருக்கும்போதே பல நேரம் துண்டு பிட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சரியாக நடுவில் புள்ளி குத்துங்கள், அதற்காக எத்தனை நேரம் ஆனாலும் பரவாயில்லை, ஏனென்றால் பிட் ஒரு பக்கம் விலகினால் அது கேரியரின் மரையைத் தின்றுவிடும். குறைந்த வேகம், அடிக்கடி எண்ணெய்.

எக்ஸ்ட்ராக்டரை, அதாவது உடைந்த போல்ட்டில் துளையிட்டு உள்ளே திருகிக் கழற்றும் கருவியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அது மிகக் கடினமான ஸ்டீல், வளையாது, உடையும். உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் அதன்மேல் ஒரு கீறல்கூடப் போடாது. பின்னின் அழுத்தம் விடுபட்டிருக்கிறது, பசை சூட்டில் இளகியிருக்கிறது என்று உறுதியான பிறகு, கையால் மட்டும் பயன்படுத்துங்கள். துண்டு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வது நல்ல வழி, அந்தச் சூடே பாதிப் பிடிப்பை விடுவிக்கும். ஆனால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, எர்த் கிளாம்ப்பைக் கேரியரிலேயே மாட்டுங்கள், வண்டியின் உடம்பில் மாட்டினால் மின்சாரம் பேரிங் உருளைகள் வழியாகப் பாய்ந்து அவற்றைப் பொரித்துவிடும்.

எல்லாமே தோற்றால் கடைசி வழி குறுக்குப் பின்னையே வெட்டுவது. மெல்லிய வெட்டுச் சக்கரத்தால் கேரியரின் ஜன்னல் வழியாகப் பின்னை இரண்டாக்கி எடுக்கலாம். ஸ்பைடர் கியர்கள் எப்படியும் குப்பைக்குப் போகிறவைதான், அவை அடிபட்டால் வருத்தமில்லை. ஆனால் ஒன்று: கேரியருக்குள் பொருத்தும் லாக்கர்கள் பலவும் அந்தப் பழைய பின்னைத்தான் திரும்பப் பயன்படுத்தும், உங்களுடைய பெட்டியில் புதிய பின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் முதலில் வாங்கி வையுங்கள். வெட்டும்போது பறக்கும் தூள் பேரிங்கில் போய் உட்கார்ந்தால் ஆக்சிலின் ஆயுள் அதோடு போச்சு. பேரிங்குகளைத் துணியும் டேப்பும் கொண்டு மூடி, முடிந்ததும் காந்தத்தால் துழாவி, டீசல் விட்டு ஒன்றுக்கு இரண்டு முறை அலசுங்கள். திரும்பப் போடும்போது பூட்டு போல்ட் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும், பழையது நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

கேள்வி: என் வண்டியில் பூட்டு போல்ட் இல்லை, குறுக்குப் பின்னை ஒரு ரோல் பின் பிடித்திருக்கிறது. அதுவும் வரவில்லை.

பதில்: நீங்கள் வைத்திருக்கும் பஞ்ச்சின் அளவைப் பாருங்கள். ரோல் பின் என்பது நடுவில் பிளவுள்ள ஸ்பிரிங் குழாய். பஞ்ச் மெலிதாக இருந்தால் அது குழாய்க்குள்ளேயே நுழைந்து அதை விரித்துவிடும், அடிக்க அடிக்க இறுகும். துளையின் விட்டத்தைவிட ஒரு மயிரிழை மட்டும் சிறிய, முனை தட்டையான பஞ்ச் வேண்டும். அப்புறம் கேரியரைக் கட்டையின் மேல் அசையாமல் உட்கார வைத்து அடியுங்கள், அது துள்ளினால் அடியின் பாதி பலம் வீண். ரோல் பின் வந்தும் குறுக்குப் பின் வரவில்லை என்றால் கிரவுன் பல் (கேரியரில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் பெரிய பல்சக்கரம்) அதன் வழியை மறிக்கிறதா என்று பாருங்கள், சில பல் விகிதங்களில் கிரவுன் தடிமனாக இருப்பதால் அதைக் கழற்றினால்தான் பின் வெளியே வரும். கிரவுன் போல்ட்டுகளைக் கழற்றும்போது கவனம், சில ஜிஎம் ஆக்சில்களில் அவற்றின் மரை தலைகீழ். அவற்றில் வழக்கமான திசையில் பலமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் நீங்கள் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: பின் ஷாஃப்டில் பேரிங் அழுத்திப் பொருத்தியிருக்கும் வகை. பேக்கிங் பிளேட்டின் (பிரேக்கைத் தாங்கும் தகட்டின்) நான்கு நட்டும் எடுத்துவிட்டேன், ஷாஃப்ட் அசையவில்லை. ஸ்லைடு ஹேமர் (எடை ஒன்று நழுவி மோதி இழுக்கும் கருவி) இல்லை.

பதில்: இங்கே பிடித்திருப்பது பேரிங்கின் வெளிவளையம் ஹவுசிங் முனையில் துருவோடு ஒட்டியிருப்பது மட்டும்தான், அதனால் இழுக்கும் திசையில் அதிர்ச்சி கொடுத்தால் வரும். கழற்றிய பிரேக் டிரம்மையே ஸ்லைடு ஹேமராக்கலாம்: டிரம்மைத் தலைகீழாகத் திருப்பிச் சக்கர போல்ட்டுகளில் மாட்டி, நட்டுகளை நுனியில் சில மரை மட்டும் ஏற்றி, நடுவில் டிரம் ஓடுவதற்கு இடம் விட்டு, இரண்டு கையாலும் வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுங்கள். டிரம்மின் எடை நட்டுகளில் மோதும், ஷாஃப்ட் நகரும். விரல்களை டிரம்முக்கும் நட்டுக்கும் நடுவில் விடாதீர்கள். அதற்கு முன்னால் ஹவுசிங் முனையைச் சுற்றித் தட்டி எண்ணெய் ஊற விட்டிருக்க வேண்டும்.

டிரம்மே வரவில்லை என்று எழுதியிருக்கும் இன்னொரு வாசகருக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஜப்பானிய டிரம்களின் முகத்தில் 8 மி.மீ. மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும், அவற்றில் இரண்டு போல்ட்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். கொஞ்சம் வந்து நின்றால் உள்ளே தேய்ந்த விளிம்பில் பிரேக் ஷூ மாட்டுகிறது, அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள், அதற்கு மேல் இறுக்கினால் டிரம் உடையும்.

கேள்வி: முழு மிதவை ஆக்சில் (ஃபுல் ஃப்ளோட்டிங், வண்டியின் எடை ஷாஃப்டில் விழாத வகை), டொயோட்டா. நட்டெல்லாம் எடுத்தாயிற்று, உள்ளே இருக்கும் கூம்பு வாஷர்கள் வரவில்லை.

பதில்: அவற்றை இழுக்கவோ நெம்பவோ கூடாது, அதிர வைக்க வேண்டும். நட்டை ஸ்டட்டின் நுனியோடு சமமாக இருக்கும்படி ஏற்றி மரையைக் காப்பாற்றிக்கொண்டு, பித்தளைக் கம்பியை ஸ்டட் நுனியில் வைத்து ஒரே ஒரு கூர்மையான அடி. கூம்பு டப்பென்று குதிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் வந்த பிறகும் ஷாஃப்ட் முனைத் தட்டான ஃபிளாஞ்ச் ஒட்டியிருந்தால் அதில் இருக்கும் மரையுள்ள இரண்டு துளைகளில் போல்ட் போட்டுத் தள்ளுங்கள்.

கேள்வி: பேரிங்குகளைப் பிடித்திருக்கும் கேப்களைக் கழற்றியும் கேரியர் ஹவுசிங்கை விட்டு வரவில்லை. துருவே இல்லை, எண்ணெயில் பளபளக்கிறது. எதுதான் பிடித்திருக்கிறது?

பதில்: நீங்கள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். பிடித்திருப்பது முன்னழுத்தம். பேரிங்குகளுக்கு இரண்டு பக்கமும் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்து, ஹவுசிங்கின் உள் அகலத்தைவிட ஒரு இழை அதிகமாக்கி, வேண்டுமென்றே இறுக்கமாகப் பொருத்தியிருப்பார்கள். அதனால் இது எண்ணெய்க்கோ சூட்டுக்கோ மசியாது, நெம்பினால்தான் வரும். இரண்டு நீளமான நெம்புகோல்களை எதிரெதிர் பக்கமாக வைத்து, ஹவுசிங்கின் விளிம்பில் மரத்துண்டு கொடுத்து, ஒரே சீராக நெம்புங்கள். கேப்களைத் தளர்வாக இரண்டு போல்ட்டில் தொங்கவிட்டபடியே செய்யுங்கள், இல்லையென்றால் கனமான கேரியர் திடீரென்று வந்து உங்கள் மார்பிலோ தரையிலோ விழும். ஹவுசிங் விரிப்பான் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் டானா ஆக்சில்களில் 0.5 மி.மீ.-ஐத் தாண்டி விரிக்காதீர்கள், ஹவுசிங் பழைய நிலைக்குத் திரும்பாது. பல்லுக்கு நடுவில் துணியைக் கொடுத்துப் பினியனை (கிரவுனைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தை) சுழற்றி வெளியே தள்ளுவதை நான் விரும்புவதில்லை, கிரவுன் பல்லில் ஒரு சின்னச் சிதறல் போனாலும் அது காலம் முழுக்க ஊளையிடும்.

அதைவிட முக்கியம், கழற்றும் முன்னாலேயே கேப்களில் பஞ்ச்சால் குறி வையுங்கள், இடதில் ஒரு புள்ளி, வலதில் இரண்டு. ஒவ்வொரு கேப்பும் அதே இடத்தில், அதே பக்கம் மேலாக வைத்துக் கடைந்தது, மாற்றிப் போட முடியாது. பேரிங் வெளிவளையங்களும் ஷிம்களும் அப்படித்தான், இடது வலது கலக்காமல் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். பழைய கேரியருக்குள்ளேயே போடும் லாக்கர் என்றால், இவற்றை அப்படியே திரும்பப் போட்டாலே பல் இடைவெளி மாறாது. கேரியரையே மாற்றும் வகை, காற்றில் இயங்கும் லாக்கர் மாதிரி, என்றால் ஷிம் கணக்கைப் புதிதாகப் போட்டு, பல் இடைவெளியையும் பல் பதியும் இடத்தையும் அளந்துதான் ஆக வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரு ஷாஃப்ட் வந்துவிட்டது. இன்னொன்று விரலளவு வந்து நின்றுவிட்டது, உள்ளேயும் போகும், ஆனால் வெளியே வராது.

பதில்: கிளிப் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டீர்கள் என்றால், ஷாஃப்ட் முனையின் பல்வரிசை (ஸ்ப்லைன்) முறுக்கியிருக்கிறது. ஒரு சக்கரம் சிக்கி, பெரிய டயரோடு மிதித்த வண்டிகளில் இது வரும். எவ்வளவு இழுத்தாலும் அது செருகியிருக்கும் சைடு கியருக்குள் நேராக நழுவாது. குறுக்குப் பின்னையும் ஸ்பைடர் கியர்களையும் எடுத்துவிட்டுச் சைடு கியரையும் ஷாஃப்டையும் சேர்த்தே அசைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் சைடு கியரை வெட்டிவிடுங்கள், லாக்கர் வந்தால் அந்தக் கியருக்கு வேலை இல்லை. ஆனால் அந்த ஷாஃப்டைத் திரும்பப் போடாதீர்கள். லாக்கரின் புதிய பல்வரிசை அதில் ஏறவே ஏறாது, தேய்த்து ஏற்றினாலும் முறுக்கிய ஷாஃப்ட் அடுத்து உடையத்தான் செய்யும், லாக்கர் போட்ட பிறகு ஒரே சக்கரத்துக்கு முழுச் சுமையும் போகக்கூடும்.

கேள்வி: எல்லாம் போட்டு முடித்தேன். ஒரு சக்கரத்தைத் திருப்பினால் டிக் டிக் என்கிறது. தப்பாகப் பொருத்திவிட்டேனா?

பதில்: கேரியருக்குள் போடும் தானியங்கி லாக்கர் என்றால் அந்தச் சத்தம் இருக்க வேண்டும். சோதிக்கும் விதம்: இரண்டு சக்கரமும் காற்றில், இன்ஜின் நின்றபடி, வண்டி கியரில், கைபிரேக் விட்டபடி. ஒருவர் ஒரு சக்கரத்தை முன்பக்கமாகத் திருப்பி நிற்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் மற்றதையும் முன்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள், பூட்டி நிற்க வேண்டும். அதே சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருப்பினால் டிக் டிக் என்று விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். அப்புறம் முதல் சக்கரத்தைப் பின்பக்கமாகப் பிடித்து, பக்கங்களை மாற்றியும் செய்யுங்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் விடாமல் பூட்டியே இருந்தால் ஸ்பிரிங்கோ பின்னோ தன் இடத்தில் இல்லை, ஷாஃப்டுகளைப் போட்ட களைப்பில் "ஓடிப் பார்ப்போம்" என்று கிளம்பாமல் திறந்து பாருங்கள். லாக்கரின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி அதனோடு வந்த தாளில் இருக்கும், ஃபீலர் கேஜால் அதை அளந்தீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வாஷர் தேய்ந்திருந்தால் இந்த அளவு தப்பும்.

ஆயில் உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90 மாதிரி. ஒரே ஆக்சிலில் இரண்டு டயரும் ஒரே விட்டம், ஒரே காற்றழுத்தம் இருக்கட்டும், வித்தியாசம் இருந்தால் நேர் சாலையிலேயே லாக்கர் தட்டிக்கொண்டிருக்கும். சில நாள் ஓட்டிய பிறகு ஆயிலை ஒருமுறை வடித்துப் பாருங்கள், முக்கியமாகத் துளையிட்டோ வெட்டியோ எதையாவது எடுத்தவர்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை ஒட்டியிருந்தால் சரி. விரலில் குத்துகிற துணுக்கு வந்தால் மறுபடி அலசிவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.